லாபம், ரெண்டு, மூணு

நெடுங்கரிசலில் மண்ணுக்குக் காது உண்டு என்பது ஏழு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பால் வண்டிக்காரனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தெரியும், மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு வந்து, தோளுயரம் வளர்ந்த கம்பம்பயிருக்கு நடுவில் நின்றுகொண்டே 'இந்த மண்ணில் விளைச்சலுக்கு வாய்ப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு செம்பு மோரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போன விவசாய ஆபீஸருக்கும் தெரியும். ஆனால் அந்த மண் இன்னும் எத்தனை விரற்கடை மிச்சம் இருக்கிறது என்பது வேலுத்தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் காலையில் அவள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பிலிருந்து ஏணி வழியாக இறங்கி, மானாவாரி நிலமான ஊர்ப் பொதுக்காட்டுக்கு நடுவில் போய் நின்றாள். ஓங்கி ஊன்றினாள். ணங் என்றது. கரிசலுக்கு அடியில் வெள்ளையாகச் சுக்கான் பாறை கிடக்கிறது, அதில் இரும்பு படுகிற சத்தம் அது. கடப்பாரையை உருவி, ஈர மண் ஒட்டியிருந்த இடத்தில் விரல்களை வைத்துப் பார்த்தாள். நாலு விரல். பத்தடி தள்ளி ஊன்றினாள், ணங். கிழக்கே போய் ஊன்றினாள், ணங். எங்கே ஊன்றினாலும் நாலு விரல்தான். இன்னும் நாலு நாளில் தலையளவு. ஒவ்வொரு தலையளவுக்கும் மண் ஒரு சாண் இறங்கும். நாலு விரல் மண் ஒரு சாண் இறங்குவது எப்படி?

தலையளவு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலுத்தாய் அந்த ஊரின் அளவுக்காரி. களத்தில் கம்போ சோளமோ குதிரைவாலியோ எது குவிந்தாலும் மரக்காலால் அளந்து போடுவது அவள் அப்பா பார்த்த வேலை. அவர் போன பிறகு ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மரக்கால் அவள் கைக்கு வந்தது, ஊரும் மறுக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு நல்ல குரல். அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். லாபம், லாபம், லாபம் என்று மரக்கால் கவிழ்ந்து முடியும்வரை இழுத்துப் பாடிவிட்டு, அடுத்ததற்கு ரெண்டே ரெண்டே என்று போய், மூணே நாலே என்று ஏறும். அளவு தொடங்கிவிட்டால் களத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, குறுக்கே பேசினால் அளவு அந்த இடத்தோடு முறிந்துவிடும். முன்னெல்லாம் அந்த லாப மரக்காலை மூட்டையில் சேர்க்காமல் களத்து ஓரத்துக் காட்டிலேயே கொட்டிவிடுவார்கள், எறும்பும் குருவியும் தின்றது போக மீதி மண்ணோடு மண்ணாகும். ஏதோ ஒரு வருஷம் யாரோ அதையும் மூட்டைக்குள் அள்ளிப் போட்டார்கள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. சொல் மட்டும் மிஞ்சியது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மழை ஏய்த்தபோது ஊர்கூடி மழைக்கஞ்சி காய்ச்சி, பொதுக்காட்டில் வரிசையாக நிற்க வைத்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். ஊற்றியவள் வேலுத்தாய். மரக்கால் பிடித்த கையும் பாடிப் பழகிய வாயும் சும்மா இருக்குமா? லாபம், ரெண்டே, மூணே என்று ஒவ்வொரு தலைக்கும் பாடிக்கொண்டே ஊற்றினாள், நானூற்றுப் பதினொன்றில் அண்டா காலியானது. அன்றைக்கே மழை பிடித்தது. தை அறுவடையில் எல்லாக் களத்தையும் அளந்து முடித்தபோது, ஆளுக்கு ஐம்பது மரக்கால் வீதம் நானூற்றுப் பதினோரு பேருக்கான தவசதானியம் இருந்தது, ஒரு படி கூடவும் இல்லை, ஒரு படி குறையவும் இல்லை. கஞ்சிக்கு வராமல் வீம்பு பிடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த குடும்பத்தில் ஏழு பேர். அவர்கள் காட்டில் விளைந்ததெல்லாம் சாவி, ஊதினால் பறக்கிற வெறும் உமி. ரேஷன் அரிசியை வாங்கி வந்து பொங்கினார்கள், ஊர் எல்லைக்குள் அதுவும் அவர்கள் வாயில் உமியாகத்தான் இருந்தது. மறுவருஷம் அந்த ஏழு பேரும் விடியுமுன்னே வந்து வரிசையில் நின்றார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, நெடுங்கரிசல்காரர்கள் அதற்கு ஒரு நாள் குறித்து, ஒரு பெயரும் வைத்தார்கள். தலையளவு நாளில் பள்ளிக்கூடம் லீவு. பொங்கலுக்கு வராத திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஆட்கள் தலையளவுக்கு வேன் பிடித்து வந்தார்கள், சாயப்பட்டறையில் இருந்த வேலுத்தாயின் புருஷன் உட்பட. வந்து நின்று தலையைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிப் போனார்கள், அவர்கள் பேரில் விளைந்தது ஊர்க் குடோனில் கிடந்தது. கர்ப்பிணி என்றால் தலையில் ஒரு எண்ணும் வயிற்றில் ஒரு எண்ணும் உண்டு. இரட்டைப் பிள்ளையாக இருக்கலாம், எதற்கும் இன்னொன்று சேர்த்துச் சொல் என்று கெஞ்சியவர்கள் உண்டு. ஒரு கொத்தனார் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை வந்து நின்றான், அந்த இரண்டாவது ஐம்பது மரக்காலும் சாவியாகிப் போனதோடு வருஷம் பூராவும் சொறிந்துகொண்டு திரிந்தான். பெண் கேட்டு வருகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எங்கள் வீட்டுக்கு வந்தால் தலையளவில் நிற்கலாம் என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். ஆள் கூடினால் விளைச்சல் கூடும் என்று தெரிந்த பிறகு ஆள் கூடாமல் இருக்குமா? நானூற்றுப் பதினொன்று ஏழாம் வருஷம் அறுநூற்று எண்பத்து மூன்றாகியிருந்தது.

ஒரே ஒரு விஷயம் இரண்டாம் வருஷம் மாறியது. அந்த வருஷம் பெரியதனக்காரர் திருமேனி வெள்ளை வேட்டியும் சந்தனமுமாக வரிசையின் முதல் ஆளாக வந்து நின்றார். ஊர்க் காரியம் எதுவானாலும் முடிவு சொல்கிறவர் அவர்தான், வேலுத்தாயும் அவரைக் கண்டால் ஒதுங்கி நிற்பவள்தான். ஆனாலும் பழக்கத்தில், தலையில் கை வைக்குமுன்பே லாபம் என்று வாயெடுத்தாள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏத்தா வேலு, நான் என்ன கம்பு மூட்டையா? லாபமாம் லாபம். கேக்குறவன் என்னைய வித்துத் தின்ன மாதிரில்ல நெனப்பான்."

"அளவுல ஒண்ணு சொல்றது வழக்கமில்லைங்கய்யா."

"இது தவசம் அளக்குற அளவா? மனுசனை எண்ணுறதுக்கு மனுசனை எண்ணுற மாதிரி எண்ணு. ஊருக்கு ஒண்ணாம் ஆளு நானு. ஒண்ணுன்னு சொல்லி ஆரம்பி."

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவளும் ஒண்ணு என்று மாற்றித் தொடங்கினாள். அந்தத் தையில் ஆளுக்கு ஐம்பது மரக்கால் குறையாமல் விளைந்தது. அறுவடை முடிந்து பார்த்தபோது காடு ஒரு சாண் இறங்கியிருந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மண்ணு எங்கப்பா எறங்குது? வரப்பு வளருது" என்றார் திருமேனி. ஊரும் அதை ஒத்துக்கொண்டது, இறங்குகிற மண்ணைவிட வளர்கிற வரப்பு கேட்பதற்கு நன்றாக இருந்தது. மூன்றாம் வருஷம் வரப்பு இடுப்புயரம் ஆனது. நாலாம் வருஷம் பனைமரங்களெல்லாம் வேர் தெரிய, சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடை கடக்கிற பெண்களைப் போல நின்றன. அப்புறம் காட்டுக்கு இறங்க ஆளாளுக்கு ஏணி செய்துகொண்டார்கள், தச்சாசாரிக்கு நல்ல வேலை. ஆறாம் வருஷம் டிராக்டர் கலப்பைக் கொழு பாறையில் உரசித் தீப்பொறி பறந்தபோது, உழுகிறவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். பந்தக்கால் ஊன்றப் போன முதல் வருஷத்தில், உச்சியைப் பிடித்திருந்த வேலுத்தாயின் மணிக்கட்டு மண்ணைத் தொடும்வரைக்கும் உள்ளே போன கடப்பாரை வருஷத்துக்கு ஒரு சாணாக மேலே ஏறி வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணுகிறவள் அவள்தானே, அவள் வாயால்தானே இறங்குகிறது, அதை எப்படிச் சொல்வாள்?

எட்டாம் வருஷம் ஆடியில் புளியோடைக்காரர்கள் வந்தார்கள். புளியோடை ஆறு மைல் தள்ளி இருந்த ஊர், அங்கே காற்றும் மழையுமாகச் சேர்ந்து மண்ணை வழித்துக்கொண்டு போய் வெறும் பாறை கிடந்தது. நூற்று நாற்பது பேர் சட்டி பானையோடு வந்து கண்மாய்க் கரையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வேலுத்தாயின் தங்கை பவுன்தாய் இருந்தாள், அவள் புருஷன் கருத்தப்பாண்டி இருந்தான், அவள் வயிற்றில் நாலு மாதப் பிள்ளை இருந்தது. எண்ணப்படாதவர்கள் என்பதால் அவர்களுக்குக் கஞ்சியும் உமிதான், இட்லியும் உமிதான். இரண்டு வேளை எல்லை தாண்டி நடந்துபோய்ப் பக்கத்து ஊர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பவுன்தாய்க்குக் கால் வீங்கிக் கிடந்தது. மெலிந்துபோன அவள் கன்னத்தைப் பார்த்து வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

கடப்பாரை நாலு விரல் காட்டிய அன்றைக்கு வேலுத்தாய் நேராகப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து, அவளிடம் கடப்பாரையை வாங்கி, அவரே போய் மூன்று இடத்தில் ஊன்றிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ரத்தமில்லை. பத்து மணிக்கு ஊரைக் கூட்டினார்.

"நாலு விரக்கட மண்ணு இருக்கு," என்றார். "அறுநூத்தி எம்பத்தி மூணு பேரு அதுல நிக்க முடியாது. கரையில கெடக்குறவுகளையும் சேத்தா எண்ணூறைத் தாண்டும். அதனால இந்த வருசம் ஐநூறோட நிறுத்துறோம். ஐநூறுன்னா மண்ணு தாங்கும்."

ஐநூறு தாங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. யார் அந்த ஐநூறு என்பதில்தான் எல்லோருக்கும் கண். அப்பனும் பாட்டனும் இந்த ஊரில் பிறந்தவர்கள் முன்னால் நிற்பது, அப்புறம் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், தலையளவு வந்த பிறகு குடியேறியவர்கள் அதற்குப் பின்னால், கரையில் கிடப்பவர்கள் வரிசையிலேயே கிடையாது. கயிறு ஒன்று கட்டி இரண்டு ஆள் பிடித்துக்கொள்வது, வேலுத்தாய் ஐநூறு என்று சொன்னதும் கயிற்றை இறக்கி வரிசையை மறிப்பது. பேசி முடித்தபோது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"எந் தங்கச்சி இந்த ஊருல பெறந்தவதானய்யா," என்றாள் வேலுத்தாய்.

"கட்டிக் குடுத்த பொண்ணு எப்பிடித்தா ஊருக் கணக்குல வரும்? நீயே சொல்லு."

"புள்ளத்தாச்சிங்கய்யா."

"தெரியுது. எனக்கு மட்டும் கல்லு நெஞ்சா? ஒண்ணைச் சேத்தா ஒம்பது பேரு வந்து நிப்பாக. எண்ணுறவ நீ. ஒழுங்கா எண்ணு, அம்புட்டுத்தான்."

அந்த நாலு நாளும் நெடுங்கரிசலில் ஐநூறைத் தவிர வேறு பேச்சில்லை. நானூற்றுத் தொண்ணூறுக்குப் பக்கத்தில் வருவோம் என்று கணக்குப் போட்டவர்கள் முன்னால் இருப்பவர்களின் வயசையும் இருமலையும் விசாரித்தார்கள். அண்ணன் வீடும் தம்பி வீடும் எந்தப் பாட்டனுக்கு எந்தப் பாட்டன் மூத்தவன் என்று சண்டை போட்டுக்கொண்டது. திருப்பூர் வேன்கள் இரண்டு நாள் முந்தியே வந்து நின்றன. கரையில் இருந்தவர்களிடம், தலையளவு அன்றைக்குக் காட்டுப் பக்கம் வந்தால் கால் இருக்காது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

வேலுத்தாய் தார்ப்பாய்க்குள் தங்கையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, நாங்க வேற எங்கிட்டாச்சும் போறோம்," என்றாள் பவுன்தாய். "ஒனக்கு எதுக்குப் பொல்லாப்பு."

"எங்கிட்டுடி போவ?"

கருத்தப்பாண்டிதான் பேசினான். "எங்க ஊரு மண்ணு ஒரே நாள்ல போகல மதினி. எடுத்துக்கிட்டே இருந்தோம். காட்டுல தானா முளைச்ச கொழிஞ்சிச் செடியக் கூட விடாமப் பிடுங்கி அடுப்பெரிச்சோம். மண்ணுக்குன்னு ஒண்ணும் விட்டு வைக்கல. பெறகு ஒரு மழையில மொத்தமாப் போயிருச்சு."

மண்ணுக்குன்னு ஒண்ணும் விட்டு வைக்கல. வேலுத்தாயின் கை நின்றுவிட்டது. முதல் வருஷம் மண் இறங்கவில்லை. பந்தக்கால் ஊன்றியபோது மணிக்கட்டு வரை போன கடப்பாரை, அந்தத் தை அறுவடைக்குப் பிறகு ஊன்றியபோதும் மணிக்கட்டு வரைதான் போனது, அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இறங்கத் தொடங்கியது இரண்டாம் வருஷம். அந்த வருஷம் விதை மாறவில்லை, மழை மாறவில்லை, மாறியது ஒரே ஒரு சொல். தன்னுடைய பங்கான லாபம் என்ற சொல் கேட்கும் என்று ஆறு வருஷமாக ஒரு மண் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது, அவள் ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு என்று தொடங்கி மனுஷனுக்கே எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இப்போது பாக்கி நாலு விரல். ஆறு வருஷத்து லாபத்துக்கு ஒரே ஒரு லாபம் போதுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

தலையளவு நாளில் வானம் மப்பாக இருந்தது. பொதுக்காட்டில் ஏணிகள் வழியாக ஊர் இறங்கி வரிசை போட்டது. கயிறு பிடித்த இரண்டு பேரும் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு நின்றார்கள். எச்சரித்தும் கேட்காமல் கரையிலிருந்தவர்கள் வரப்பின் மேல் வந்து நின்றிருந்தார்கள். பவுன்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பனையில் சாய்ந்திருந்தாள். வேலுத்தாய் மரக்காலைக் கவிழ்த்து வைத்து அதன் பக்கத்தில் நின்றாள். திருமேனி சந்தனத்தோடு முதல் ஆளாக வந்து தலையைக் குனிந்தார். அவள் அவர் தலைக்கு மேல் கையை வைத்தாள்.

"லாபம்," என்று பாடினாள். "லாபம், லாபம், லாபம்."

அவர் சடாரென்று நிமிர்ந்தார். வாய் திறந்தது. ஆனால் தலையில் கை பட்டு அளவு தொடங்கிவிட்டது, இனி யார் பேசினாலும் அந்த இடத்தோடு முறிந்துவிடும், மறுபடி தொடங்கவும் முடியாது. அவருக்குப் பின்னால் நின்ற அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், பங்காளிகள் அத்தனை பேரும், பேசிவிடாதே என்று கண்ணாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து அவர் மனைவி வந்தாள். இப்போது ரெண்டே என்று வர வேண்டும். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலுத்தாய் அவள் தலையிலும் கையை வைத்தாள்.

"லாபம்," என்றாள். "லாபம், லாபம், லாபம்."

மூன்றாவது ஆளுக்கும் அதுதான். பத்தாவது ஆளுக்கும் அதுதான். மூத்த பாட்டன் வீட்டுக்கும் இளைய பாட்டன் வீட்டுக்கும், ஐம்பது மரக்காலைத் திருட வந்த கொத்தனாருக்கும், வேனில் வந்து இறங்கிய அவள் புருஷனுக்கும், இடுப்பில் தூங்கிய குழந்தைக்கும், லாபம், லாபம், லாபம் என்று அவள் குரல் ஏறாமலும் இறங்காமலும் போய்க்கொண்டே இருந்தது. கயிறு பிடித்தவர்கள் ஐநூறு வரும் ஐநூறு வரும் என்று காத்திருந்தார்கள். நூறே வரவில்லை. ரெண்டே வரவில்லை. ஊர் வரிசை தீர்ந்தது அவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் ஐநூறு என்ற சொல்லைக் கேட்டால்தான் இறக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தது, கேட்காமல் இறக்கி அளவு கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? கயிறு அவர்கள் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டிதான் முதலில் ஏணியில் கால் வைத்தான். அவனுக்குப் பின்னால் புளியோடை இறங்கியது.

திருமேனி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்க, அவருடைய சொந்த மகளே அவர் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கண்ணெல்லாம் சிவந்து நின்றார். அந்தக் கண்ணைப் பார்த்தபோது, இதற்காக என்னை உயிரோடு விடமாட்டார் என்றுதான் வேலுத்தாய் நினைத்தாள், ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. கடைசியாகப் பவுன்தாய் வந்தாள். தலையில் கை வைத்து, லாபம். வயிற்றில் கை வைத்து, லாபம். தன் தலையில் தானே கை வைத்து ஒரு லாபம் சொல்லிவிட்டு, வேலுத்தாய் மரக்காலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரையும் கொன்னுட்டியேத்தா," என்றார் திருமேனி. அப்புறம்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் நெடுங்கரிசலில் எல்லா வீட்டிலும் தட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு யாரும் வாயில் வைக்கவில்லை. எண்ணப்பட்டோமா இல்லையா என்பது முதல் கவளத்தில் தெரிந்துவிடும். கடைசியில் பசி தாங்காத பிள்ளைகள்தான் அள்ளித் தின்றன. உமி இல்லை, சோறு சோறாகவே இருந்தது. கரையிலும் அப்படியே, இரண்டு மாதத்துக்குப் பிறகு பவுன்தாய் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு தட்டுச் சோறு தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே வேலுத்தாய் ஒரு பாட்டம் அழுதாள்.

சோறு சோறாக இருந்ததும் ஊர் கொஞ்சம் அடங்கியது. மழை வந்தது, கம்பும் சோளமும் விதைத்தார்கள். பத்தாம் நாள் முளைத்தது. பதினைந்தாம் நாள் முளைத்தது என்னவென்று தெரிந்தது. ஒரு தட்டைக் கம்பு கிடையாது, ஒரு தட்டைச் சோளம் கிடையாது. கிழக்கே எல்லையிலிருந்து மேற்கே கண்மாய் வரைக்கும், கண் எட்டிய வரை, ஆடுகூடக் கடிக்காத கொழிஞ்சி.

கம்பும் கல்லுமாக ஊர் வேலுத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றது. திருமேனி மரக்காலைப் பிடுங்கிக்கொண்டார். "சோத்துல உமி இல்லைன்னு சந்தோசப்பட்டோம். பானையில சோறே இருக்காதுன்னு சொல்லவே இல்லையே," என்றார்.

"எனக்கும் தெரியாதுய்யா," என்றாள் அவள். அது உண்மை. "மண்ணு அதோட பங்கை எடுத்துக்கிருச்சு. ஆறு வருசத்துப் பங்கு. குடோன்ல திருப்பூர் ஆளுக பேருல வெளஞ்சது கெடக்கு. அரை வயிறா எல்லாரும் தின்னா மறுவருசத் தை வரைக்கும் ஓட்டலாம்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்."

கல் எடுத்து வந்தவர்களில் பாதிப் பேர், நானூற்றுத் தொண்ணூறாவது இடத்துக்கு நாலு நாள் நாக்கைத் தொங்கப்போட்டவர்கள். ஐநூறுக்குப் பின்னால் நின்றிருந்தால் தங்கள் பிள்ளைகளும் கரையில்தான் கிடந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் முதலில் கையைத் தளர்த்தினார்கள். குடோன் திறந்தது. மார்கழியில் கொழிஞ்சி ஊதாப்பூ விட்டபோது, பிடுங்கி அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் கிளம்பினார்கள், புளியோடைக்காரர்கள் காட்டில் குறுக்கே படுத்துவிட்டார்கள். "எரிச்ச ஊருக்காரன் சொல்றேன்யா, எரிக்காதீக," என்றான் கருத்தப்பாண்டி. எரிக்க விடாமல், மண்ணுக்குத் தழையுரமாகட்டும் என்று பூவோடு மடக்கி உழுதவர்களும் அவர்கள்தான். தையில் பவுன்தாய்க்குப் பெண் பிறந்தது. எண்ணூற்றுச் சொச்சத்தில் அது எத்தனையாவது என்று யாருக்கும் தெரியவில்லை. சிறுபிள்ளைகள் அதை லாபம் என்றே கூப்பிட்டன, அதுவே பேராக நின்றுவிட்டது.

சித்திரையில், கொழிஞ்சி மக்கி முடிந்த பிறகு, திருமேனி கடப்பாரையோடு வேலுத்தாய் வீட்டுக்கு வந்தார். அரை வயிற்றில் அவரும் இளைத்திருந்தார். அவர் அவளை மன்னிக்கவில்லை, கடைசிவரை மன்னிக்கவும் மாட்டார்.

"வா. ஊரு பாக்கட்டும்," என்றார். "ஒரு விரக்கடையாச்சும் ஏறியிருக்கணும். ஏறலைன்னா, மரக்காலு ஒனக்கு இல்ல. ஒன் தங்கச்சி கூட்டத்துக்கு இந்த ஊரும் இல்ல. புரட்டாசியில நானே நின்னு ஒண்ணுல இருந்து எண்ணுறேன்."

ஊர் முழுக்க வரப்பில் நின்றது. பவுன்தாய் பிள்ளையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளைச் சுற்றிப் புளியோடைக்காரர்கள் நின்றார்கள், அவர்களுடைய தார்ப்பாயெல்லாம் சுருட்டிக் கட்டித் தயாராக இருந்தது. வேலுத்தாய் ஏணியில் இறங்கி நடுக்காட்டுக்குப் போனாள். மண் காலடியில் கொஞ்சம் அமுங்கியது போல இருந்தது, ஆசையில் அப்படித் தோன்றுகிறதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கினாள். எட்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அது எந்த நொடியில் வரும் என்று அவள் காதுக்குத் தெரியும். ஓங்கி ஊன்றினாள்.

அந்த நொடியில் சத்தம் வரவில்லை. ஒரு விரற்கடை பிந்தித்தான் வந்தது.